கழுகுமலை மட்டும் ஏன் சிவப்பு?

போன செவ்வாய்க்கிழமை கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனியின் மீட்டிங் அறையில் உட்கார்ந்திருந்தேன். சுவரில் பெரிய டி.வி. அதில் நாலு வட்டங்கள். மூன்று பச்சை. ஒன்று சிவப்பு.

‘அந்தச் செவப்பு எந்த ஊரும்மா?’ என்று கேட்டார் கம்பெனி முதலாளி சுப்பையா அண்ணாச்சி.

‘கழுகுமலை அண்ணாச்சி.’

‘நெனச்சேன்’ என்றார்.

அந்த ‘நெனச்சேன்’ எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை. நானும் அதையேதான் நினைத்திருந்தேன். நினைத்ததோடு நிற்காமல் அறிக்கையிலும் எழுதியிருந்தேன்.

இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் ஒரு வரி. நான் நெட்வொர்க் ஆலோசகர். இன்டர்நெட் படுத்துவிட்டால் யாரைத் திட்டுவது என்று முன்கூட்டியே ஒரு ஆளை ஏற்பாடு செய்து வைப்பார்கள் அல்லவா... அந்த ஆள்.

எங்கள் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையை யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ்தான். ‘எங்க அம்மா ஆபீஸுக்குப் போயிருக்கு’ என்று ஒரு குழந்தை சொன்னால், வெளியூர்க்காரர்கள் ஏதோ ஃபைல் புரட்டும் வேலை என்று நினைத்துக்கொள்வார்கள். சுப்பையா அண்ணாச்சிக்கு அப்படி மூன்று ஆபீஸ்கள். கழுகுமலையில் ஒன்று, கயத்தாறில் ஒன்று, விளாத்திகுளத்தில் ஒன்று. இதற்கெல்லாம் தலைமை, கோவில்பட்டியில் ஒரு மாடிக் கட்டடம். அங்கே ஒரு தீக்குச்சிகூடக் கிடையாது. கம்ப்யூட்டர்கள் மட்டும்.

முன்பெல்லாம் ஒரு நோட்டும் ஒரு போனும் இருந்தால் போதும். இப்போது விரல் வைக்கும் வருகைப் பதிவிலிருந்து ஸ்டாக், கேமரா வரை எல்லாமே தலைமை அலுவலக சாஃப்ட்வேரில். லாரி கிளம்ப வேண்டுமென்றால் இ-வே பில் வேண்டும். இ-வே பில் வேண்டுமென்றால் இன்டர்நெட் வேண்டும். கேபிள் அறுந்த நாளில் சரக்கை ஏற்றிக் கட்டிய லாரி வாசலிலேயே நிற்கும். டிரைவர் கீழே படுத்துத் தூங்கிவிடுவார். அண்ணாச்சிக்கு மட்டும் தூக்கம் வராது.

அதற்குத்தான் எஸ்.டி.-வான். முழுப் பெயர் சாஃப்ட்வேர் டிஃபைண்ட் வைட் ஏரியா நெட்வொர்க். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஒவ்வொரு கிளையிலும் ஒரு சின்னப் பெட்டியை வைப்பார்கள். அதில் கேபிள் இணைப்பு ஒன்றையும் சிம் கார்டு ஒன்றையும் செருகுவார்கள். எந்த வேலை எந்த வழியில் போக வேண்டும் என்பதைக் கோவில்பட்டியில் உட்கார்ந்துகொண்டே சொல்லிவிடலாம். ஒரு வழி அடைத்தால் பெட்டியே அடுத்த வழிக்கு மாறிக்கொள்ளும். ரோட்டில் மறியல் என்று தெரிந்தால் நம் பஸ் டிரைவர் யாரையும் கேட்காமல் ஊருக்குள் புகுந்து சுற்றி வருவாரே... அதேதான்.

இந்தப் பெட்டியை விற்க மூன்று கம்பெனிகள் வந்தன. மூன்றுமே பவர்பாயின்ட் போட்டன. மூன்றிலும் மேகப் படம் இருந்தது. மழைக்காக வானத்தைப் பார்க்கிற ஊரில் இத்தனை மேகம் காட்டினால் எப்படி இருக்கும்? அண்ணாச்சி பாவம், முதல் கம்பெனி முடிக்கிறவரை பொறுமையாகப் பார்த்துவிட்டு, ‘நல்ல மேகந்தான். எறங்குமா?’ என்றார். வந்தவர்களுக்குப் புரியவில்லை.

என்னிடம் ஒரு எக்ஸெல் ஷீட் உண்டு. பல வருஷமாகச் சேர்த்து வைத்த கேள்விகள், மொத்தம் நாற்பத்திரண்டு. கேபிளிலிருந்து சிம்முக்கு மாற எத்தனை நொடி ஆகும்? மாறும்போது பாதியில் இருக்கிற பில் அறுந்துபோகுமா? வருஷச் சந்தா கட்டத் தவறினால் பெட்டி வேலை செய்யுமா, செங்கல் ஆகிவிடுமா? பழுதானால் ஆள் எங்கிருந்து வருவார்? மதுரையிலிருந்தா, பெங்களூருவிலிருந்து போனிலா? இரண்டு இணைப்புகளும் ஒரே கம்பத்தின் வழியாக வருகின்றனவா? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பல கம்பெனிகள் விழிக்கும். ஒரே கம்பத்தில் இரண்டு கேபிள் தொங்கினால், லாரி அந்தக் கம்பத்தில் இடிக்கும்போது இரண்டும் சேர்ந்துதானே போகும்?

இந்த ஷீட்டைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. கொஞ்சமா? நிறையவே.

ஒரு கம்பெனி பேச்சிலேயே கழன்றுகொண்டது. மற்ற இரண்டுக்கும் ஆளுக்குப் பதினைந்து நாள் சோதனை. முதல் கம்பெனியின் பெட்டிகளை வைத்தோம். பதினைந்து நாள் கழித்து அறிக்கை வந்தது. கோவில்பட்டி, கயத்தாறு, விளாத்திகுளம் பச்சை. கழுகுமலை சிவப்பு. கழற்றிவிட்டு அடுத்த கம்பெனியின் பெட்டிகளை வைத்தோம். அதே நிறங்கள். கழுகுமலைப் பெட்டி இணைப்பில் இருந்த நேரம், மொத்த நேரத்தில் பாதிக்கும் கீழே என்று இரண்டு அறிக்கைகளும் சொல்லின.

ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டு திரிகிற இரண்டு கம்பெனிகள் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனால் அது உண்மையாகத்தானே இருக்க வேண்டும்?

நான் உள்ளூர்க்காரி வேறு. காரணம் எனக்கா தெரியாது? கரிசல் மண் வெயிலில் வெடிக்கும், மழையில் உப்பும். வெடிக்கிறபோது உள்ளே கிடக்கும் கேபிளை இழுக்கும். சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்ற நினைப்பில், ‘மண் வெடிப்பால் கேபிள் பாதிப்பு, கிளை தகுதிக் குறைவு’ என்று ஷீட்டில் தட்டினேன். கழுகுமலைக்குப் போய்ப் பார்க்கவில்லை. இருபது கிலோமீட்டர் தூரம். போகவில்லை.

இனி செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். டி.வி.யில் சிவப்பு வட்டம். அண்ணாச்சி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

‘ஏம்மா, லைனு சரியில்லாத எடத்துல பில்லு போட்டு என்னத்துக்கு? பில்லு, லோடு ஏத்துதது எல்லாத்தையும் கயத்தாறுக்கு மாத்திருவோம். ஹைவே மேல இருக்கு. லாரிக்கும் தோது.’

‘கழுகுமலை யூனிட்?’

‘குச்சி அடைக்கிற வேலை நடக்கட்டும். அந்தப் பேச்சியம்மாள கயத்தாறுக்கு வரச் சொல்லுவோம். அங்க ஒருத்தருக்குக் கீழ வேலை பாக்கட்டும். ஒரு பெட்டியப் பாத்துக்கிடத் தெரியல, யூனிட்ட எப்படிப் பாப்பா?’

பேச்சியம்மாள் கழுகுமலை யூனிட்டின் பொறுப்பாளர். பதினாறு வருஷமாக அங்கேதான். வீடு அங்கிருந்து நடந்துபோகிற தூரம். மகள் பன்னிரண்டாவது படிக்கிறாள். காலை ஏழே முக்காலுக்கு கயத்தாறில் நிற்க வேண்டுமென்றால் இருட்டோடு கிளம்ப வேண்டும். வேலையை விடுவதைத் தவிர அவருக்கு வேறு வழியிருக்காது. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் ஷீட்டில் அதற்கொரு கட்டம் இல்லை.

‘வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டுருவோம்’ என்றார் அண்ணாச்சி.

எனக்குச் சின்ன உறுத்தல் வந்தது அப்போதுதான். அது பேச்சியம்மாளுக்காக என்று சொன்னால் பொய். அறிக்கையில் கேபிள் படம் ஒன்று ஒட்ட வேண்டும், அதற்கு போட்டோ இல்லை. போட்டோ எடுக்கத்தான் புதன்கிழமை மதியம் கழுகுமலை பஸ்ஸில் ஏறினேன். கூடவே இரண்டாவது கம்பெனியின் இன்ஜினியர் கார்த்திக். சென்னைப் பையன். ஜன்னலோரம் உட்கார்ந்து வறண்டு கிடந்த புஞ்சைக் காடுகளைப் பார்த்துக்கொண்டே வந்தவர், ‘மேடம், இங்க என்ன விளையும்?’ என்று கேட்டார். மழை பெய்தால் எல்லாம் விளையும் என்றேன்.

யூனிட்டில் பேச்சியம்மாள் எங்களுக்கு நாற்காலி போட்டார். நாற்பத்தைந்து வயதிருக்கும். நெற்றியில் பெரிய குங்குமம், இடுப்பில் சாவிக்கொத்து. காபி வரவழைத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு நின்றார். உட்காரவில்லை.

‘யக்கா, என்னைய கயத்தாறுக்கு மாத்துதாவளாமே. நெசமா?’

‘யாரு சொன்னா?’

‘லாரி டிரைவரு சொன்னாரு. அங்கன டி.வி.ல எங்க யூனிட்டு மட்டும் செவப்பா தெரியுதாமே. நான் என்னக்கா தப்புப் பண்ணுனேன்? பெட்டியத் தெனமும் தொடைக்கிதேன். யாரையும் கிட்ட அண்ட விடுததில்ல. வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை பொட்டு வைக்கிதேன்.’

பார்த்தேன். உண்மைதான். பெட்டியின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும். கார்த்திக் குனிந்து, காற்றுப் போகிற ஓட்டைகளில் சந்தனம் அடைத்திருக்கிறதா என்று பார்த்தார். அடைக்கவில்லை.

அவர் லேப்டாப்பைத் திறந்து அரை மணி நேரம் சோதித்தார். கேபிள் நன்றாக இருந்தது. சிம் நன்றாக இருந்தது. பேச்சியம்மாளை ஒரு பில் போடச் சொல்லிவிட்டு, பாதியில் கேபிளைப் பிடுங்கினார். பெட்டி சத்தமில்லாமல் சிம்முக்கு மாறியது. பில் நிற்கவே இல்லை.

‘மேடம், லைன் சூப்பரா இருக்கு. இது எப்படி ரெட் ஆச்சுன்னே தெரியல.’

நான் விடவில்லை. கேபிளைப் பார்க்க வெளியே கூட்டிக்கொண்டு போனேன். யூனிட்டை ஒட்டிய புஞ்சையில் வெடிப்பென்றால் வெடிப்பு, கால் உள்ளே போகிற அளவுக்கு. ‘பாத்தீங்களா?’ என்றேன். கார்த்திக் வெடிப்பைப் பார்த்தார். அப்புறம் மெதுவாகத் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார். நானும் பார்த்தேன்.

கேபிள் மண்ணுக்குள் இல்லவே இல்லை. கம்பத்துக்குக் கம்பம் தொங்கிக்கொண்டிருந்தது.

நல்ல பையன், திரும்பி உள்ளே நடந்தார். நான் போட்டோ எடுக்கவில்லை.

ஐந்தரைக்கு மணி அடித்தது. பெண்கள் தூக்குவாளிகளோடு கிளம்பினார்கள். பேச்சியம்மாள் வாசலில் நின்று ஒவ்வொரு தலையாக எண்ணினார். ‘ஏட்டி, மாரி எங்க?’ என்று ஒரு சத்தம். மாரி கை கழுவிக்கொண்டிருந்தாள். வந்தாள். கணக்குச் சரி. அப்புறம் ஒவ்வொரு அறையாகப் போனார். தீக்குச்சி மருந்து அறை வாசலில் நின்று மூக்கை உறிஞ்சி வாசம் பார்த்தார். கதவைப் பூட்டினார். பூட்டை இழுத்துப் பார்த்தார். எல்லாம் முடித்துவிட்டு ஆபீஸ் அறைக்கு வந்தார்.

‘தம்பி, லேப்டாப்ப மூடிக்கிடுங்க. மெயினை எறக்கப் போறேன்.’

கார்த்திக் திரும்பினார். ‘எதை?’

‘மெயினை.’

‘தினமும் ஆஃப் பண்ணுவீங்களா?’

‘அமத்தாம? தீப்பெட்டி ஆபீஸ்லா தம்பி இது! ஒரு பொறி போதுமே.’

‘யு.பி.எஸ். இருக்கே, அது...’

‘அதையும் அமத்திருவேன். உள்ள பேட்டரி இருக்குல்லா?’

சொல்லிக்கொண்டே நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு ஏறி, பெரிய ஸ்விட்சின் கைப்பிடியைக் கீழே இறக்கினார். இறக்கிய கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஃபேன் நின்றது. பெட்டியில் இருந்த குட்டி விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அப்போதுதான் ஸ்விட்சுக்கு மேலே சுவரில் சிவப்பு பெயிண்டில் எழுதியிருந்ததைப் படித்தேன்.

‘மெயினை இறக்காமல் பூட்டாதே.’

‘இது யாரு எழுதுனது?’ என்றேன்.

‘அண்ணாச்சிதான். அவிய கையால எழுதுனது. ஒருக்க இங்கன ஒரு வயரு பொகைஞ்சுது. ஆளுகளுக்கு ஒண்ணும் ஆவல. மறுநாளே அண்ணாச்சி பெயிண்டு டப்பாவோட வந்துட்டாவ. மூணு யூனிட்லயும் அவியளே எழுதுனாவ. அன்னையிலருந்து நான் ஒரு நாள் தவறுனதில்ல.’

நான் இந்த ஊரில் பிறந்தவள். இங்கே தீயைப் பற்றி யாரும் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தீப்பெட்டி ஆபீஸில் மட்டுமா? கோவில்பட்டியில் என் வீட்டுக்கு எதிரே இருக்கிற தையல்காரர்கூடக் கடையைப் பூட்டும்போது மெயினை இறக்கி, தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் ஷட்டரை இழுப்பார். தினமும் பார்க்கிறேன். நாற்பத்திரண்டு கேள்வி சேர்த்தேனே, அதில் ஒன்றில்கூட இது இல்லையே! எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, அந்த அம்மாவுக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்தது கூச்சமாக இருந்தது.

கார்த்திக் செல்போன் இணைப்பில் லேப்டாப்பைத் திறந்து பெட்டியின் பதிவேட்டைத் தேடினார். அவர்கள் பெட்டியில் ஒரு வசதி உண்டு. மின்சாரம் போகிற கணத்தில், அணைவதற்குள் ஒரு கடைசிச் செய்தியை அனுப்பிவிடும். தினமும் மாலை ஐந்தே முக்கால், ஐந்து ஐம்பது... ‘மின்சாரம் நின்றது.’ தினமும் காலை ஏழரையை ஒட்டி, ‘மின்சாரம் வந்தது.’ ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒன்றுமில்லை. நடுவில் ஒரு நிமிஷம்கூட இணைப்பு அறுந்ததில்லை. எல்லாம் அறிக்கையிலேயே இருந்தது, பதினோராவது பக்கத்தில். முதல் பக்கத்தில் இருபத்து நாலு மணி நேரத்தின் சராசரியும், அதற்கொரு சிவப்பு வட்டமும்.

பதினோராவது பக்கத்தை யார் படிக்கிறார்கள்? அதைப் படிப்பதற்காகத்தான் என்னை வைத்திருக்கிறார்கள்.

‘அக்கா, அப்ப என் மேல தப்பு இல்லேல்லா?’ என்றார் பேச்சியம்மாள். இல்லை, தப்பு என் மேல்தான் என்றேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை. ‘அண்ணாச்சி சொல்லட்டும்’ என்று சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை அதே மீட்டிங் அறை. அதே டி.வி. எனக்குக் கொஞ்சம் உற்சாகம். தப்பு செய்தவள் நான்தான் என்றாலும், கண்டுபிடித்தவளும் நான்தானே? பதினோராவது பக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன்.

‘அண்ணாச்சி, லைன்ல ஒரு கொறையும் இல்ல. நீங்க சுவத்துல எழுதிப் போட்டதப் பேச்சியம்மா அப்படியே செய்யுதாவ. சாயந்தரம் மெயினை எறக்குதாவ, பெட்டி அணையுது. நம்ம டி.வி. அதை லைன் கட்டுன்னு எடுத்துக்கிட்டுது. வேலை நேரத்த மட்டும் வச்சுப் பாத்தா நாலு எடத்துலயும் கழுகுமலைதான் முதல்.’

அண்ணாச்சி சிரித்தார். ‘பாத்தியா இந்தப் பேச்சிய! நான் அந்தப் பிள்ளையப் போயி...’ என்று தலையில் தட்டிக்கொண்டார். நானும் சிரித்தேன். கார்த்திக்கும் சிரித்தார்.

பிறகு அண்ணாச்சி மறுபடியும் டி.வி.யைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். சிரிப்பு போய்விட்டது.

‘ஏம்மா... கழுகுமலையில மெயினை எறக்குனதால செவப்பு. சரி. அப்ப மத்த ரெண்டு யூனிட்டும் ஏன் பச்சையா இருக்கு?’



கார்த்திக் கயத்தாறின் பதிவேட்டைத் திறந்தார். ‘மின்சாரம் நின்றது’ என்று ஒரு வரிகூட இல்லை. விளாத்திகுளத்திலும் இல்லை. பதினைந்து நாளும், ஞாயிறு உட்பட, மருந்தும் குச்சியும் குவிந்து கிடக்கிற இரண்டு கட்டடங்கள் மின்சாரத்தோடு பூட்டிக் கிடந்திருக்கின்றன. இரண்டு கம்பெனிகளும் அதற்குத்தான் பச்சை போட்டிருந்தன. நானும் டிக் அடித்திருந்தேன்.

அண்ணாச்சி போனை எடுத்தார்.

‘ஏலே, சாயந்தரம் பூட்டும்போது மெயினை எறக்குதியா இல்லியா?’

விளாத்திகுளத்திலிருந்து என்ன பதில் வந்ததென்று எங்களுக்குக் கேட்கவில்லை. மறந்துபோகும் என்றாராம். அடுத்து கயத்தாறுக்குப் போட்டார்; அங்கே வாட்ச்மேன் போனுக்குச் சார்ஜ் போட வேண்டுமாம், லைட் வேண்டுமாம். சுவரில் எழுதியது இருக்கிறதா என்று கேட்டார் அண்ணாச்சி. இருக்கிறதாம். அதன் மேல் காலண்டர் மாட்டியிருக்கிறார்களாம்.

அண்ணாச்சி போனை வைத்தார். அப்புறம் கேட்டார்.

‘தம்பி, ஒங்க பெட்டியில இந்தக் கலரை மாத்திப் போட முடியுமா?’

‘எப்படி சார்?’

‘வேலை நேரத்துல உசுரோட இருந்தா பச்சை. ஆறு மணிக்கு மேல உசுரோட இருந்தா செவப்பு. அப்பவே என் போனுக்கு மணி அடிக்கணும்.’

கார்த்திக் இரண்டு நிமிஷம் யோசித்தார். முடியும் என்றார். இப்படி யாரும் கேட்டதில்லை என்றும் சொன்னார். இருக்கிற இணைப்பு போனால் கூப்பிடச் சொல்லித்தான் உலகத்தில் எல்லோரும் கேட்பார்களாம். கூடவே ஒரு சிக்கலையும் சொன்னார். பெட்டிக்கு சாஃப்ட்வேர் அப்டேட் வழக்கமாக ராத்திரியில்தான் போகும், அதை மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்ற வேண்டும். முதல் கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டேன். அவர்கள் பெட்டி கடைசிச் செய்தி எதுவும் அனுப்பாதாம். கரண்ட் போனதும் லைன் அறுந்ததும் அதற்கு ஒன்றுதான். மற்ற நாற்பத்திரண்டு கேள்விகளில் யார் ஜெயித்தார்கள் என்று பார்க்கத் தேவையிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அண்ணாச்சி கையெழுத்துப் போட்டார். பில்லும் லோடும் கழுகுமலையிலேயே தொடரும். பேச்சியம்மாள் கயத்தாறுக்குப் போக வேண்டாம். கயத்தாறுக்காரரும் விளாத்திகுளத்துக்காரரும் ஆளுக்கு ஒரு வாரம் கழுகுமலைக்கு வர வேண்டும். எதற்கு? பூட்டுவது எப்படி என்று பார்க்க. அன்றைக்கு மதியமே அண்ணாச்சி காரில் கிளம்பி இரண்டு ஊருக்கும் போனார், பின் சீட்டில் ஒரு பெயிண்ட் டப்பா.

சனிக்கிழமை காலை பேச்சியம்மாள் எனக்குப் போன் செய்தார்.

‘யக்கா, இப்ப நான் பச்சையா, செவப்பா?’

‘பச்சைதான் பேச்சியம்மா. ராத்திரியும் பச்சை, பகலும் பச்சை.’

‘சரிக்கா’ என்றார். கொஞ்சம் விட்டு, ‘நாளைக்குத் திரும்பச் செவப்புன்னு சொன்னாலும் நான் மெயினை எறக்கத்தான் செய்வேன். அதை மட்டும் அண்ணாச்சிகிட்டச் சொல்லிருங்க’ என்றார்.

சொல்லிவிட்டேன். என் ஷீட்டில் இப்போது நாற்பத்து மூன்று கேள்விகள். கடைசியில் சேர்த்ததை முதல் வரிக்குக் கொண்டுவந்துவிட்டேன்: ‘சாயங்காலம் பூட்டுகிறவர் யார்? அவரிடம் பேசினாயா?’